சோம்பேறி வரும் நேரம்

பிப்ரவரி 6

அண்ணிக்கு,

இனி உங்களோடு போனில் பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் இதைப் பிரித்ததும், "பாத்தீங்களா, உங்க தங்கச்சி இறங்கி வந்துட்டா" என்று அண்ணனிடம் சிரிக்க வேண்டாம். நான் இறங்கி வரவில்லை. நடந்ததை நடந்தபடி பதிவு செய்கிறேன், அவ்வளவுதான். இருபத்தாறு வருடமாக பஸ் டிப்போவில் வண்டி வந்த நேரமும் போன நேரமும் எழுதுகிறவளுக்கு வேறு எப்படிச் சண்டை போடத் தெரியும்?

நீங்களும் அண்ணனும் டிசம்பர் பதினெட்டாம் தேதி காலை 7.25க்குக் கிளம்பினீர்கள். உங்கள் மூக்குக்கண்ணாடிக் கம்பெனியின் புதுப் பட்டறையில் லென்ஸ் அரைக்கச் சொல்லிக்கொடுக்கப் பதினான்கு மாதம். "வீட்டைப் பாத்துக்கோ" என்று என் கையில் சாவியைக் கொடுத்தீர்கள். கூடவே நான்கு பக்கக் குறிப்பு. தண்ணீர் மோட்டாரை எப்படித் தட்டினால் ஓடும், எந்தக் கதவுக்கு எந்தத் தாழ்ப்பாள் மக்கர் செய்யும், பக்கத்து வீட்டுப் பூனை எந்த ஜன்னல் வழியாக வரும் என்பது வரைக்கும் இருந்தது. தோட்டத்துக்கு மட்டும் ஒரே வரி: "அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்."

அது பார்த்துக்கொண்ட லட்சணம் இது. ஜனவரியில் வாசல் முழுக்க இடுப்பு உயரத்துக்குக் காய்ந்த குச்சி. தபால்காரர் கேட்டே விட்டார், "இந்த வீட்ல ஆள் இருக்காங்களா, காலி பண்ணிட்டாங்களா?" என்று. சுவரோரப் பாத்தியில் குச்சிகூட இல்லை, வெறும் மண். நானும் ஒரு மாதம் பார்த்தேன். வரவேண்டிய வண்டி வரவில்லை என்றால் டிப்போவில் என்ன செய்வோம்? சேவை ரத்து என்று எழுதிவிட்டு வேறு வண்டியை விடுவோம். அதைத்தான் இங்கேயும் செய்தேன். ஜனவரி 28ஆம் தேதி புல்வெட்டும் ஆளை வைத்துக் குச்சிகளை வெட்டினேன். சுவரோரப் பாத்தியை ஒரு முழம் ஆழத்துக்கு வெட்டி அள்ளிவிட்டுப் புது மண் போட்டேன். நர்சரியிலிருந்து நாற்பத்தொரு செடி வாங்கி வந்து, நூல் பிடித்து மூன்று வரிசையாக நானே நட்டேன். அத்தனையிலும் பூ. உங்கள் பிறந்தநாளன்று பார்த்துவிட்டு அசந்துபோவீர்கள் என்று படம் எடுத்து அனுப்பினேன்.

நீங்கள் போன் செய்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு ஒரு சொல் மறக்காது. "உனக்குக் காத்திருக்கத் தெரியாதுடி. செடிக்காகவும் தெரியாது, மனுஷனுக்காகவும் தெரியாது. அதனாலதான் இந்த வயசுல ஒண்டியா நிக்கிற."

செடிக்காக எவ்வளவு திட்டியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். இது செடிக்காகத் திட்டியது இல்லை.

உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 15

கடிகாரத்துக்கு,

கோபமாக இருந்தாலும் அந்தப் பெயரை விட முடியவில்லை. நீ என்னைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாய், அதையும் கவனித்தேன்.

நீ தோண்டி எறிந்தது வெறும் மண் இல்லை. அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசலாம். நம் வாசலில் இருப்பவை எல்லாம் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த காட்டுப் பூச்செடிகள். கடையில் கிடைக்காது. ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் வருடா வருடம் தானே வரும். வெயில் காலத்தில் மேலே காய்ந்துபோய், உயிரை எல்லாம் வேரில் வைத்துக்கொண்டு தூங்கும். மழை விழுந்தால் எழுந்திருக்கும். நீ பார்த்த காய்ந்த குச்சி, தூங்குகிற செடியின் போர்வை மாதிரி.

சுவரோரத்தில் இருந்தவன் எல்லோரையும் விடக் கடைசியில் எழுந்திருக்கிறவன். அதனால் அவனுக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தேன். பழைய கல்குவாரி மேடு ஞாபகம் இருக்கிறதா? அங்கே அடுக்குமாடி கட்ட இயந்திரம் இறங்கிய அன்றைக்கு, கையில் கிடைத்த வேரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஆறு வருடம் ஆகிறது. முதல் வருடம் நாலு இலையோடு நின்றான். அடுத்த வருடமும் அதே நாலு இலை. மூன்றாம் வருடம்தான், வெள்ளையா ஊதாவா என்று தெரியாத ஒரு பூ. பார்க்க லட்சணமே இல்லை. ஆனால் போன அக்டோபரில் அதைத் தேடி ஒரு பட்டாம்பூச்சி வந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். இறக்கையை மூடினால் சாம்பல், திறந்தால் நீலம். அதன் புழு சோம்பேறியின் மொட்டைத் தவிர வேறு எதையும் தின்னாது. மேட்டில் இருந்த செடியெல்லாம் இப்போது சிமெண்டுக்கு அடியில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து நம் ஊரில் சோம்பேறி மிச்சம் இருந்த ஒரே இடம் நம் சுவரோரம்.

உன் நாற்பத்தொரு பூவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இதழ் மேல் இதழாக அடுக்கியிருக்கிறது, உள்ளே தேனுக்குப் போக வழியே இல்லை. ஜோடனைக்குச் சரி. ஒரு வண்டு கூட எட்டிப் பார்க்காது.

இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. வெட்டிய குச்சிகளை எரித்துவிட்டாயா? குச்சியின் துவாரத்துக்குள் சின்னத் தேனீக்கள் முட்டையிட்டு வாசலை மண்ணால் அடைத்து வைத்திருக்கும். அள்ளிய மண் எங்கே போனது?

உன் அண்ணன் நான் சொல்வதற்கும் தலையாட்டுகிறார், நீ எழுதியதற்கும் தலையாட்டுகிறார். அந்தக் கழுத்து எப்படித்தான் தாங்குகிறதோ.

அண்ணி

*

பிப்ரவரி 24

அண்ணிக்கு,

கேள்வி ஒன்று. எரிக்கவில்லை. குப்பையைக்கூட ஒழுங்காகக் கட்டாமல் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு குச்சி, ஒரே நீளத்துக்கு நறுக்கி, பதிமூன்று கட்டாகக் கட்டித் தண்ணீர்த் தொட்டி ஓரம் சாய்த்து வைத்திருக்கிறேன். உங்கள் கடிதம் வந்த பிறகு குனிந்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடி இருபத்தாறு துவாரத்தில் மண் அடைப்பு இருக்கிறது. அதில் நான்கில் நேற்று ஓட்டை விழுந்திருந்தது. உள்ளே இருந்தவர்கள் புறப்பட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி இரண்டு. என் டைரியில் இருக்கிறது. ஜனவரி 28, பகல் 11.40, ஒரு சின்ன லோடு வண்டி, முக்கால் லோடு மண். டிப்போவுக்குப் பின்னால் பழைய டயர் போடுகிற பள்ளத்தை நிரப்ப மண் கேட்டிருந்தார்கள், அங்கே அனுப்பினேன். 12.15க்குக் கொட்டினார்கள். இறக்கியதற்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். நீங்கள் எப்போதும் கேலி செய்து சிரிக்கிற அதே டைரிதான்.

நேற்று போய்ப் பார்த்தேன். மண் கொட்டியபடியே குவியலாகக் கிடக்கிறது, மேலே நாலைந்து டயர். ஆனால் ஒரு சிக்கல். ஏப்ரல் இருபதாம் தேதி அந்த இடம் முழுக்க சிமெண்ட் போட்டு வண்டி கழுவும் தளம் கட்டப்போகிறார்கள். உத்தரவு ஒட்டியாகிவிட்டது. அதனால் சல்லடை எடுத்துக்கொண்டு போய்ச் சலித்தேன். பதினான்கு வேர்த்துண்டு கிடைத்தது. எனக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு ஈரத்துணியில் சுற்றிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் லென்ஸ் எதற்கு இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்.

என் பூவைப் பற்றி எழுதினீர்களே, அதையும் சோதித்துவிட்டேன். வாசலில் நாற்காலி போட்டு ஒரு வாரம், தினமும் காலை ஏழிலிருந்து ஏழரை வரை வருகைப் பதிவு எடுத்தேன். என் நாற்பத்தொரு செடிக்கும் சேர்த்து வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒன்று ஈ. படிக்கட்டுக்குப் பக்கத்தில் புல்வெட்டுகிறவர் தவறவிட்ட உங்கள் காட்டுச்செடி ஒன்றில் மஞ்சளாகப் பூத்திருக்கிறது. அதற்கு மட்டும் நூற்று எழுபது. நான் நேர்மையான ஆள், எண்ணிக்கையை மாற்றி எழுத மாட்டேன்.

நீங்கள் பக்கம் பக்கமாகச் செடியைப் பற்றி எழுதினீர்கள். போனில் சொன்னதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதையும் பதிவு செய்துவிட்டேன்.

நாத்தனார்

*

மார்ச் 8

கடிகாரம்,

பார்சல் வந்தது. பட்டறையில் எல்லோரும் போன பிறகு பெரிய லென்ஸுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். பதிமூன்று துண்டு மர வேர். ஒன்பதாம் எண் சோம்பேறி! வெட்டினால் உள்ளே பால் வெள்ளை, நடுவில் மஞ்சள் நரம்பு, சந்தேகமே இல்லை. ஆனால் மண்வெட்டி பட்டு இரண்டாகி, உள்வரைக்கும் காய்ந்துவிட்டது. அதை மேசை மேலேயே வைத்திருக்கிறேன்.

ஒன்று அங்கே இருந்தால் மற்றவையும் அங்கேதான் இருக்கும். தயவுசெய்து இனிச் சலிக்காதே. நீ போடுகிற ஒவ்வொரு வெட்டிலும் ஒரு உயிர் போகலாம். காய்ந்த வேரை மர வேரிலிருந்து பிரித்துச் சொல்ல என்னாலேயே நேரில்தான் முடியும், இங்கே லீவு கேட்டால் கையை விரிக்கிறார்கள். வழி ஒன்றுதான். மழை வரட்டும். இலை மேலே வந்தால் உனக்கே தெரியும், நீள இலை, ஓரத்தில் ரோமம், கசக்கினால் பச்சை மிளகாய் வாசம். அப்போது சுற்றிலும் மண்ணோடு பெயர்த்து எடுக்கலாம்.

அதற்கு ஜூன் ஆகும், உன் சிமெண்ட் ஏப்ரலில். எனக்குக் கணக்குத் தெரியும். ஆனால் உன்னால் முடியாதது எதுவும் அந்த டிப்போவில் இல்லை என்றும் எனக்குத் தெரியும். இதை ஐஸ் வைப்பதற்காக எழுதவில்லை.

இன்னொரு விஷயம் எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டாகிவிட்டது. இந்தக் கடிதத்திலும் வரவில்லை.

அண்ணி

*

ஏப்ரல் 22

அண்ணிக்கு,

சிமெண்ட் போடவில்லை. எப்படி என்று எழுதுகிறேன், அண்ணனுக்குப் படித்துக் காட்ட வேண்டாம், பயந்துவிடுவார்.

முதலில் நேர்வழியில் கேட்டேன். மேலாளரிடம் போய், "அந்த மண்ணுல ஒரு செடி இருக்கு சார். மழை வர்ற வரைக்கும் தள்ளிப் போடணும்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யாரு, நீங்களா? ரெண்டு நிமிஷம் லேட்டானதுக்கு டிரைவர்கிட்ட விளக்கம் எழுதி வாங்கற ஆள், ரெண்டு மாசம் கேக்கறீங்க?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அன்றைக்கே எட்டாம் நம்பர் வண்டி கியர் பெட்டி போய் வழியில் நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டு வந்தார்கள். எங்கே நிறுத்துவது என்று சொல்கிற வேலை என்னுடையது. பள்ளத்தை அடைத்த மாதிரி, மண் குவியலுக்குக் குறுக்கே நிறுத்தச் சொன்னேன். சிமெண்ட் கலக்கும் வண்டி உள்ளே போக வேறு வழி கிடையாது. எங்கள் மெக்கானிக்கை நட்டு என்று கூப்பிடுவோம், நல்ல மனுஷன். "எப்பக்கா ரெடி பண்ணணும்?" என்றான். "அவசரமே இல்லப்பா, நிதானமா பாரு" என்றேன். கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டான். "உடம்புக்கு ஏதும் முடியலையாக்கா?" என்று விசாரித்தான்.

இருபதாம் தேதி காலை ஒப்பந்தக்காரர் வந்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பதிவேட்டில் எட்டாம் நம்பருக்கு நேரே "புறப்படும் நேரம்: பின்னர் அறிவிக்கப்படும்" என்று என் கையெழுத்தில் இருந்தது. அப்படி ஒரு வரியை இருபத்தாறு வருடத்தில் நான் எழுதியதே இல்லை. எழுதும்போது கை கொஞ்சம் நின்றது, உண்மையைச் சொல்கிறேன். மத்தியானத்துக்குள் மேலாளர் மெமோ கொடுத்தார். வேண்டுமென்றே வேலையைத் தாமதப்படுத்தியதாக. என் கோப்பில் முதல் மெமோ. ஜூன் 30 கடைசித் தேதி, அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது என்று வேறு சொல்லியிருக்கிறார். வாங்கிக்கொண்டேன், விளக்கம் எழுதவில்லை. வேண்டுமென்றே செய்ததற்கு என்ன விளக்கம்?

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். நான் கட்டிக்கொள்ள இருந்த அந்த ஆளை விட்டதைத்தானே போனில் குத்திக் காட்டினீர்கள்? அவன் வெளியூர் வேலைக்குப் போனபோது ஒரு வருடம் காத்திருக்கச் சொன்னான். நான் நாலு மாதம் காத்திருந்தேன். நாலு மாதத்தில் ஒரு கடிதம் இல்லை, ஒரு போன் இல்லை. அவனை விட்டது சரி. இன்றைக்குக் கேட்டாலும் சரி என்பேன். உங்கள் சோம்பேறி அப்படி இல்லை. மேலே தெரியாவிட்டாலும் கீழே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்படிப்பட்டவனுக்கு நான் காத்திருப்பேன் அண்ணி. எனக்குத் தெரியும்.

நாத்தனார்

*

மே 3

என் அன்புக் கடிகாரத்துக்கு,

நான் சொன்னது தப்பு. வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, வலிக்கட்டும் என்று தேர்ந்தெடுத்துத்தான் சொன்னேன். அதனால் இரண்டு மடங்கு தப்பு. என்னை மன்னித்துவிடு. மூன்று மாதமாக இந்த நாலு வரிக்குத்தான் தாள் தாளாகக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாலு மாதம் உன் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவள் நான். தபால் வரும் நேரத்துக்கு வாசலுக்கும் சமையலறைக்குமாக நடப்பாய். கேட்டால் "காத்து வாங்கறேன்" என்பாய். எல்லாவற்றையும் கூடவே இருந்து பார்த்துவிட்டு, இருபது வருடம் கழித்து அதையே எடுத்து உன் மேல் எறிந்திருக்கிறேன். பட்டறையில் எல்லோரும் என் கண்ணைப் புகழ்கிறார்கள். முடியை நாலாகப் பிளந்து பார்க்கிற கண் என்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு குட்டையும் நானே உடைத்துவிடுகிறேன். மோட்டாருக்கு முக்கால் பக்கம் எழுதியவள், தோட்டத்துக்கு ஒரு வரியில் ஏன் நிறுத்தினேன்? மறந்து இல்லை. எந்தக் குச்சிக்குள் யார் இருக்கிறார்கள், எந்த வெறும் மண்ணுக்குக் கீழே யார் தூங்குகிறார்கள் என்று எனக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். அதில் ஒரு ராணி மாதிரி நினைப்பு எனக்கு. ஒரு குச்சி நட்டு ஒரு பலகை எழுதி வைத்திருந்தால் நீ அந்தப் பாத்தியைத் தொட்டிருக்கவே மாட்டாய். எழுதி வைத்த எதையும் நீ மீறியதில்லை. தோண்டியது நீ, தோண்ட வைத்தது நான்.

மெமோவை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. சுத்தமாக வைத்திருந்த கோப்பு. அதை ஒரு செடிக்காகக் கறையாக்கிக்கொண்டாய்.

எட்டாம் நம்பர் வண்டியை நினைத்து நானும் உன் அண்ணனும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஆமாம், படித்துக் காட்டிவிட்டேன். பயப்படவில்லை. "எந்தங்கச்சியா? வண்டிய நிறுத்தினாளா?" என்று நாலு தடவை கேட்டுவிட்டுக் கடைசியில் அழுதுவிட்டார்.

உன் பூதக்கண்ணாடி

*

ஜூன் 21

அன்புள்ள பூதக்கண்ணாடி அண்ணிக்கு,

உங்கள் மே மாதக் கடிதத்துக்குப் பதில் எழுத மாட்டேன். மடித்து டைரிக்குள் வைத்திருக்கிறேன். அந்த விஷயம் முடிந்தது, இனி நீங்களும் எடுக்காதீர்கள்.

இப்போது அவசரம். மழை ஜூன் 3ஆம் தேதி பகல் 2.20க்குத் தொடங்கியது. அன்றிலிருந்து நாலு நாள் விட்டு நாலு நாள் பெய்கிறது. வாசலில் நான் வெட்டிய அத்தனை பேரும் முளைத்துவிட்டார்கள், என்னைப் பழிவாங்குவது போல முழங்கால் உயரம். டிப்போ மண் குவியலில் புல் வந்திருக்கிறது, கீரை மாதிரி ஏதோ வந்திருக்கிறது, யாரோ துப்பிய தர்பூசணி விதைகூட முளைத்துக் கொடி விட்டிருக்கிறது. சோம்பேறியைக் காணோம். தினமும் காலை, மத்தியானம், வேலை முடிந்து என்று மூன்று தடவை பார்க்கிறேன். இலையைக் கசக்கிக் கசக்கி என் விரலில் எல்லா வாசமும் இருக்கிறது, பச்சை மிளகாய் மட்டும் இல்லை. எட்டாம் நம்பருக்குக் கியர் பெட்டி வந்து பத்து நாள் ஆகிறது. நட்டு அதைப் பொட்டலம் பிரிக்காமலே வைத்திருக்கிறான்.

இன்னும் ஒன்பது நாள்தான். குவியல் முழுவதையும் அப்படியே அள்ளி வேறு இடத்தில் கொட்டிவிடட்டுமா?

கடிகாரம்

*

ஜூன் 25

கடிகாரமே,

அள்ளாதே. முளை மண்ணுக்குள்ளேயே வெளியே வரத் தயாராக நிற்கும் நேரம் இது. இப்போது புரட்டினால் எல்லாம் முறிந்துவிடும். அவனுக்குச் சோம்பேறி என்று சும்மாவா பெயர் வைத்தேன்? வீட்டிலும் மழை விழுந்து மூன்றரை வாரத்துக்குக் குறைந்து அவன் தலை காட்டியதே இல்லை. கொட்டிய மண் என்பதால் இன்னும் ஆழத்திலிருந்து வர வேண்டியிருக்கும். வருவான். எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

எனக்காக உன் உள்ளங்கையை அந்த மண் மேல் ஒரு நிமிடம் வைத்துப் பார்.

அண்ணி

*

ஜூலை 1

அண்ணி!

வந்துவிட்டான்! ஏழு பேர்!

வரிசையாகச் சொல்கிறேன். 28ஆம் தேதி காலை ஒன்றுமில்லை. மத்தியானம் ஒன்றுமில்லை. நீங்கள் சொன்னபடி கையை வைத்துப் பார்த்தேன், நட்டு தூரத்திலிருந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். 29ஆம் தேதி காலை 6.10க்கு, ஒரு டயரின் நடுவில், நகக்கீறல் அளவு பச்சை. பக்கத்தில் இன்னொன்று. இலையின் ஓரத்தில் ரோமம். நுனியைக் கசக்கி முகர்ந்தேன். அந்த இடத்திலேயே, சேற்றில், சீருடையோடு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. அப்படி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முப்பதாம் தேதிக்குள் ஏழு ஆனது.

சுற்றிலும் ஒரு சாண் விட்டு, அடியில் ஒரு முழம் விட்டு, கையாலேயே தோண்டினோம். நட்டுவின் கை இரும்புச் சாமானுக்குத்தான் பழக்கம் என்று நினைத்திருந்தேன். குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினான். ஏழு பேரையும் ஏழு தொட்டியில் வைத்தோம். எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது? பழுது பார்த்த வண்டிக்குச் சோதனை ஓட்டம் விட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரே ராத்திரியில் கியர் பெட்டி மாட்டியாகிவிட்டது, நட்டு நினைத்தால் அப்படி. எட்டாம் நம்பரின் சோதனை ஓட்டம் நேற்று நம் தெரு வழியாக நடந்தது. சீட்டுக்கு ஒருவராக ஏழு பேரும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது.

சுவரோரப் பாத்தியில் நட்டாகிவிட்டது. வரிசையாக இல்லை. நூல் பிடிக்கவில்லை. என் நாற்பத்தொரு செடியையும் பெயர்த்து டிப்போ வாசலில் வட்டமாக வைத்துவிட்டேன். மேலாளருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். மெமோவை மட்டும் திரும்ப வாங்கவில்லை. இருக்கட்டும்.

இன்று மாலை 4 மணிக்குச் சிமெண்ட் போட்டு முடித்தார்கள்.

கடிகாரம்

*

அக்டோபர் 17

அண்ணி,

உங்களிடம் மறைக்க முடியாது. இடம் மாறிய சலிப்போ என்னவோ, ஏழு பேரில் இரண்டு பேர் ஆகஸ்டில் போய்விட்டார்கள். மிச்சம் ஐந்து. அதில் பூத்தது ஒன்றே ஒன்று, அதுவும் எண்ணிப் பத்துப் பூ. நீங்கள் சொன்னது சரிதான், பூவுக்கு லட்சணமே இல்லை. நான் தினம் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிறேன்.

நேற்று காலை 9.40. சாம்பல் நிறத்தில் ஒன்று சுவர் மேல் வந்து உட்கார்ந்தது. தூசி என்று நினைத்தேன். பிறகு இறங்கி மொட்டுக்குப் போனது, சுற்றிச் சுற்றி நடந்தது, வாலை வளைத்து ஏதோ ஒட்டியது. இன்னொரு மொட்டு. இன்னொன்று. கடைசியில் வெயிலில் இறக்கையைத் திறந்தது. நீலம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த நிறத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்று எனக்குப் பத்து மணிக்கு வேலை. டிப்போவுக்குப் பத்தேகாலுக்குப் போனேன். பதிவேட்டில் என் பெயருக்கு நேரே "15 நிமிடம் தாமதம்" என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டிரைவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மொட்டில் மூன்று முட்டை. கடுகில் நாலில் ஒரு பங்கு. உங்கள் பழைய லென்ஸை அலமாரியிலிருந்து எடுத்துத்தான் எண்ணினேன்.

கடிகாரம்

*

அக்டோபர் 26

கண்ணே,

கடிதத்தைப் பட்டறையில் சத்தமாகப் படித்தேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கை தட்டினார்கள்.

மூன்று முட்டையில் புழு வந்தால் எறும்புகள் சுற்றி நிற்கும், விரட்டாதே. அவை காவலுக்கு நிற்பவை. அதன் பிறகு எல்லாம் காய்ந்துவிடும், பாத்தி மறுபடி வெறும் மண்ணாகும். இதை இந்தத் தடவை எழுத்தில் கொடுத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி வருகிறோம். அந்தத் தோட்டத்தில் இனி நான் ஒருத்தி மட்டும் ராணி இல்லை. நாங்கள் வந்த பிறகும் நீ எங்கேயும் போகக் கூடாது. உன் அறையை உன் அறையாகவே வைத்துக்கொள். உன் அண்ணனும் தலையாட்டுகிறார், இந்தத் தடவை ஒரே பக்கமாக.

உன் பூதக்கண்ணாடி

*

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இதுதான் கடைசிக் கடிதம். இனி நேரில்தான் சண்டை.

தோட்டம் போன வருடம் இருந்த மாதிரியே இருக்கிறது. வாசல் முழுக்க இடுப்பு உயரத்துக்குக் காய்ந்த குச்சி, ஒன்றைக்கூடத் தொடவில்லை. தபால்காரர் மறுபடி கேட்டார், "என்னம்மா, இந்த வருஷம் க்ளீன் பண்ணலையா?" என்று. "உள்ள ஆள் இருக்காங்க" என்றேன். வீட்டுக்குள்ளே என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். புழு மூன்றும் நவம்பரில் மண்ணுக்குள் இறங்கிவிட்டன, எறும்புகள் வழிகாட்டிக் கூட்டிப்போனதை நானே பார்த்தேன். சுவரோரப் பாத்தியில் இப்போது ஒன்றும் இல்லை. நட்டு வந்து பார்த்துவிட்டு, "இதுக்காக்கா அவ்வளவு பாடுபட்டோம்?" என்றான். ஜூலையில் வா என்றேன்.

அந்தப் பாத்தியில் ஒரு பலகை நட்டிருக்கிறேன். டிப்போவில் பழசாகிவிட்டது என்று தூக்கிப் போட்ட தகரப் பலகை. நானே பெயிண்ட் அடித்து எழுதினேன்: "சேவை ரத்து இல்லை. தாமதம் மட்டுமே."

உங்கள் வண்டி பதினெட்டாம் தேதி மாலை 5.50க்கு எங்கள் டிப்போவுக்கு வர வேண்டும். அந்தத் தடத்தை எனக்குத் தெரியும், வழியில் பாலம் வேலை நடக்கிறது, ஏழு ஆகலாம், எட்டும் ஆகலாம். போன் செய்து எங்கே வருகிறீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அவசரப்படுத்தாமல் நிதானமாக வரட்டும். நான் நிற்கிறேன்.

உங்கள் கடிகாரம்